போர்ட்டிக்கோவில் நின்ற கட்டில்

எங்கள் ஒழுங்கையில் எந்த வீட்டு வாசலில் பாரமான சாமான் வந்து இறங்கினாலும் முதல் ஆளாகப் போய் நின்றவர் என் கணவர். யாரும் கூப்பிட வேண்டியதில்லை. லொறி ஒன்று ஒழுங்கையின் ஒடுங்கிய முடக்கில் திரும்ப முடியாமல் உறுமுகிற சத்தம் கேட்டால் போதும். சாப்பாட்டுக் கோப்பையை அப்படியே வைத்துவிட்டு, சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கிவிடுவார். எதிர்வீட்டு வாத்தியாரின் பிரிட்ஜ், மூலைவீட்டுக் கூரைமேல் இருக்கிற தண்ணீர்த் தாங்கி, பக்கத்து வீட்டுக் கிணற்றுக்குள் விழுந்த மோட்டார், எல்லாமே இவர் தோளில் ஏறி இறங்கியவை. எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வரும். "உதென்ன, ஒழுங்கைக்கு வாடகைக்கு விட்ட முதுகோ?" என்று கேட்பேன். அவர் சிரிப்பார்.

"நாளைக்கு எங்களுக்கு ஒண்டு எண்டால் அவையள் வருவினம்தானே" என்பார்.

அந்த நாளை வந்தபோது அவரால் நடக்க முடியவில்லை. பாரிசவாதம். கிணற்றடியில் கால் கழுவிக்கொண்டு நின்றவர் வாளியோடு சரிந்தார். வலப்பக்கம் முழுவதும் போய்விட்டது, பேச்சும் போய்விட்டது. மிச்சமாக இருந்தது இடது கையும், ஒன்றையும் மறக்காத அந்தக் கண்களும்தான். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பும்போது டொக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு ஒரு விஷயத்தை இரண்டு தரம் சொன்னார். படுக்க வைத்துச் சாப்பாடு கொடுக்கக்கூடாது, நிமிர்த்தி இருத்தித்தான் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் கஞ்சி நெஞ்சுக்குள் போய்விடும், அது போனால் சளியாகிக் காய்ச்சலாகி ஆளைக் கொண்டுபோய்விடும் என்றார். நான் தலையாட்டினேன். தலையாட்டுவது சுலபம்.

இவர் நல்ல உயரமான ஆள். நானோ மூட்டை அரிசியைக்கூட இழுத்துத்தான் நகர்த்துகிறவள். அசையாத ஒரு மனிதனின் பாரம் எவ்வளவு என்று, தூக்கிப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். அக்குளுக்குள் கையைக் கொடுத்து இழுப்பேன், பாதி எழும்புவார், திரும்பச் சரிவார். மரக்கதிரை ஒன்றைக் கவிழ்த்து முதுகுக்குப் பின்னால் முட்டுக்கொடுத்து, அதன்மேல் தலையணைகளை அடுக்கி ஒரு சாய்வு செய்தேன். நாலு கரண்டி கஞ்சி போவதற்குள் கதிரை வழுக்கிவிடும். உடனே இருமல் தொடங்கும். முகம் கறுத்து, கண் பிதுங்கி, அந்த இடது கை பாயைப் பிறாண்டும். ஒவ்வொரு நேரச் சாப்பாடும் ஒரு கண்டம் போலத்தான் கழிந்தது.

வெளிநாட்டில் இருக்கிற இவருடைய தம்பி வீடியோவில் இதைப் பார்த்துவிட்டு அழுதார். அழுததோடு விடவில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும். அங்கே ஒரு முதியோர் இல்லத்தை மூடினார்களாம். அங்கிருந்த கரண்ட் கட்டில் ஒன்றை எடுத்து, யாரோ அனுப்பிய கொண்டெய்னரில் சேர்த்துவிட்டார். "அண்ணி, சுவிச்சை அமத்தினால் காணும், தலைமாடு தானாய் எழும்பும். நீங்கள் ஒண்டும் தூக்கத் தேவையில்லை" என்றார். அந்த வார்த்தையை நான் சாமி தந்த வரம்போலக் கேட்டேன். தூக்கத் தேவையில்லை. அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் கஞ்சி கொடுக்கும்போது, கட்டில் வருகுது, கட்டில் வருகுது என்று இவருடைய காதுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன்.

கட்டில் வந்தது. கொழும்பிலிருந்து வந்த வான்காரர் அதை இறக்க எங்கேயோ சந்தியில் இரண்டு பேரைப் பிடித்துக்கொண்டு வந்திருந்தார். நாலு பேரும் (நானும் ஒரு ஆள்) பலகை போட்டுச் சறுக்கி, போர்ட்டிக்கோவுக்குள் கொண்டுவந்து விட்டோம். "அம்மா, என்ரை வேலை வாசல் மட்டும்தான். அச்சுவேலிக்கும் இன்னொரு சாமான் கிடக்கு" என்றுவிட்டு அவர் போய்விட்டார்.

அப்படி ஒரு இரும்பை நான் கண்டதில்லை. அடியில் இரண்டு மோட்டார், சுற்றிவர மடக்குகிற கம்பிகள், விளங்காத பாஷையில் ஒட்டிய எழுத்து. சில்லுகள் இருந்தன, ஆனால் ஒன்று கப்பலிலேயே உடைந்து போயிருந்தது, மற்றவை இறுகிப்போய் அசைய மாட்டோம் என்று நின்றன. போர்ட்டிக்கோவிலிருந்து விறாந்தைக்கு மூன்று படி ஏற வேண்டும். பிறகு ஹோல், பிறகு அறை. உருட்டுகிற வேலை இல்லை, தூக்குகிற வேலை. தம்பிக்குப் போன் எடுத்துக் கேட்டேன். கழற்றலாமாம், அதற்கென்று தனியாக ஒரு சாவி இருக்கிறதாம். அந்தச் சாவி மட்டும் வந்து சேரவில்லை.

நாலைந்து ஆம்பிளைகள் கை வைத்தால் பத்து நிமிஷ வேலை. எனக்கு அன்றைக்கு மனம் நிறைந்திருந்தது. இந்த ஒழுங்கையில் இவர் கை படாத பாரம் ஒன்று உண்டா? போய்ச் சொன்னால் போதும் என்று நினைத்தேன்.

முதலில் ஒழுங்கைக்கென்று இருக்கிற வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். எல்லோரும் பார்த்தார்கள். இரண்டு பேர் கைகூப்பிய படம் போட்டார்கள். ஒருவர் "விரைவில் குணமடையப் பிரார்த்திக்கிறோம்" என்று எழுதினார். ஆள் வரவில்லை. பிறகுதான் எனக்கு உறைத்தது, எங்களுடைய சனத்துக்குப் போனில் சொன்னால் அது சொன்னதாகாது. வீட்டு வாசலுக்குப் போய், உள்ளே ஏறி, வாயால் சொல்ல வேண்டும். ஆகவே தலையைச் சீவி, நல்ல சீலை ஒன்றைக் கட்டிக்கொண்டு, கலியாணத்துக்குச் சொல்லப் போகிறவளைப்போல வீடு வீடாக ஏறி இறங்கினேன். ஒழுங்கையில் பாதி வீடு பூட்டுப் போட்ட வீடு. சொந்தக்காரர் கனடாவில், கேற்றுக்கு மேலே கமரா மட்டும் நின்று என்னைப் பார்த்தது. வாத்தியார் வீட்டில் இருவருக்கும் முழங்கால் ஏலாது. மூலைவீட்டு மாமியார், கட்டில் எங்கேயிருந்து வந்தது என்று மட்டும் விசாரித்தார். முதியோர் இல்லம் என்று வாய்தவறிச் சொல்லிவிட்டேன். "ஐயோ பிள்ளை, உதிலை எத்தினை சீவன் போச்சுதோ" என்று நெஞ்சில் கை வைத்தார். அந்த வீட்டு மருமகன் அதற்குப் பிறகு என்னைக் கண்டால் மற்றப்பக்கம் பார்த்தார்.

சனசமூக நிலையத்தடியில் வொலிபோல் விளையாடுகிற பெடியள் இருந்தார்கள். ஒவ்வொருவனும் தென்னை மாதிரி. போய்ச் சொன்னேன். "ஓம் அன்ரி, அங்கிளுக்கு இல்லாமலோ! ஞாயிறு காலமை வாறம். நீங்கள் போய் நிம்மதியாய் இருங்கோ" என்றார்கள். சொன்ன முகத்தில் பொய் இல்லை, அதை இன்றைக்கும் சொல்லுவேன்.

ஞாயிறு விடியவே எழும்பி உளுந்து அரைத்து வடை சுட்டேன். வேலைக்கு வருகிற பிள்ளைகளைச் சும்மா அனுப்புவதா? பெரிய கேத்திலில் தேத்தண்ணி வைத்தேன். அறையில் பழைய கட்டிலைச் சுவரோடு ஒதுக்கி, புதுக் கட்டில் வருகிற இடத்தைக் கூட்டி, பிளக் வேலை செய்கிறதா என்று மேசை விளக்கைக் கொளுவிப் பார்த்தேன். வடை வாசத்துக்கு இவருடைய கண் சமையலறைப் பக்கம் போனது. "பெடியள் வருவாங்கள், இண்டைக்கு உங்களை நிமித்தி இருத்திப்போட்டுத்தான் மற்ற வேலை" என்றேன். வாயின் இடப்பக்கம் மட்டும் சிரித்தது.

யாரும் வரவில்லை. தேத்தண்ணி ஆறி மேலே ஆடை பிடித்தது. மத்தியானமாகும்போது மழை தொடங்கிவிட்டது, இனி வரவும் மாட்டார்கள் என்று தெரிந்தது. வடையைக் கொண்டுபோய் மதிலுக்கு மேலே காகத்துக்கு வைத்துவிட்டுக் குசினிக்குள் நிலத்தில் இருந்து அழுதேன். சத்தம் போட்டு அழவில்லை, அறைக்குக் கேட்கும்.

அடுத்த கிழமை சந்தியில் கூலிக்கு நிற்கிறவர்களில் இரண்டு பேரைக் கூட்டி வந்தேன். அவர்கள் ஒரு பக்கத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டு, இது இரண்டு பேருக்குரிய பாரமில்லை, இன்னும் ஆள் வேண்டும், வெங்காயம் நடுகிற காலம் என்றபடியால் ஆள் பிடிப்பது கஷ்டம் என்று சொல்லிப் போனார்கள். அந்த வரவு இன்னொரு கேட்டைச் செய்தது. கூலிக்கு ஆள் வந்த செய்தி ஒழுங்கையெல்லாம் பரவிவிட்டது. "நாங்கள் இத்தினை பேர் இருக்க, கூலிக்கு ஆள் பிடிக்கிறாவாம்" என்று ஒரு வீட்டில் கதை. பெடியளைக் கடையடியில் கண்டு கேட்டபோது, "நீங்கள் ஆள் பிடிச்சு ஏத்திப்போட்டியள் எண்டெல்லே நினைச்சம் அன்ரி" என்றார்கள். கேட்டால் வருகிறார்கள் இல்லை, காசு கொடுத்தால் மானம் போகிறது. எங்கே போய் முட்டுவது?

இவரையே கட்டிலுக்குக் கொண்டுபோனால் என்ன என்றும் யோசித்தேன். போர்ட்டிக்கோவில் தறப்பாள் கட்டி, வயர் இழுத்து, அங்கேயே படுக்க வைக்கலாம். அதற்கும் தூக்க ஆள் வேண்டும்தான், ஆனாலும் ஆள் ஒன்றைத் தூக்குவது இரும்பைத் தூக்குவதிலும் லேசு. அதை இவரிடம் சொன்னபோது அந்தக் கண்கள் நிரம்பி வழிந்தன. ஒழுங்கையால் போகிறவன் வருகிறவன் எல்லாம் பார்க்க, வாயில் கஞ்சி ஒழுக, துணி மாற்றக் கிடக்கிற காட்சியை அவர் என்னிலும் முந்தியே கண்டுவிட்டார். மாரி மழையும் சாய்வாக அடித்துக்கொண்டிருந்தது. அந்தக் கதையை அதோடு விட்டுவிட்டேன்.

நான் நிறைய யோசித்தேன். அந்தக் கட்டிலைப் பார்த்துக்கொண்டு வாசலில் இருந்தபோது வேறு என்ன செய்வது? எங்களிடம் நல்ல காரியத்துக்கு ஒரு வழக்கம் இருக்கிறது: வந்து சொல்ல வேண்டும், ஒழுங்காகச் சொல்லாவிட்டால் சொந்தத் தமையனே வரமாட்டார். செத்தவீட்டுக்கு ஒரு வழக்கம் இருக்கிறது: யாரும் சொல்லத் தேவையில்லை, காதில் விழுந்தால் போய்விட வேண்டும், போகாவிட்டால்தான் குற்றம். இரண்டுக்கும் நடுவில், உயிரோடு படுத்துக்கிடக்கிற ஒருவனுக்கு மட்டும் எங்களிடம் ஒரு வழக்கமும் இல்லை. சொன்னால் போவதா, சொல்லாமலே போவதா, எந்த நேரம் போவது, போய் என்ன கதைப்பது, ஒருவருக்கும் தெரியாது. பார்க்கப் போனால் ஒரு ஹோர்லிக்ஸ் போத்தலோடு போய், கட்டிலடியில் கொஞ்ச நேரம் நின்று, கடவுள் இருக்கிறார் என்று சொல்லிவிட்டு வருவதோடு சரி. எங்கள் அலுமாரியில் ஹோர்லிக்ஸ் போத்தல் அடுக்கு அடுக்காக நின்றது. அதைக் குடிப்பதற்கும் நிமிர்ந்து இருக்க வேண்டும்.

கடைசியில் மிச்சம் ஒரே ஒரு வீடுதான். பக்கத்து வீடு.

அந்த வீட்டுக்காரருக்கு வாட்டசாட்டமான இரண்டு மகன்கள். வளவுக்குள் லாண்ட்மாஸ்டர் உழவு மெசின் நிற்கிறது, கயிறு இருக்கிறது, நெம்பித் தூக்க அலவாங்கு இருக்கிறது. அவர்கள் மூன்று பேரும் வந்தால் வேறு யாருமே தேவையில்லை. ஆனால் அந்த வீட்டோடு எங்களுக்குக் கதை இல்லை. முன்னே கிளுவை வேலி இருந்த இடத்தில் அவர் மதில் கட்டினார். மதில் ஒரு சாண் எங்கள் பக்கம் வந்துவிட்டது என்று இவர் சொன்னார், வரவில்லை என்று அவர் சொன்னார். காணி உறுதியைத் தூக்கிக்கொண்டு கோடு கச்சேரி வரைக்கும் போய், வழக்கு இன்னும் தவணை தவணையாகக் கிடக்கிறது. அதற்கு முதல் அவருடைய கிணற்றுக்குள் விழுந்த மோட்டாரை, இடுப்பில் கயிறு கட்டி இறங்கி எடுத்துக் கொடுத்தவர் இவர்தான். ஒரு சாண் மண்ணுக்காக அதையெல்லாம் இரண்டு பேரும் மறந்தார்கள். கோட்டு வாசலில் நின்று அந்த மனிதர், "இனி அந்த வாசலை மிதிச்சால் நான் என்ரை அப்பனுக்குப் பிறக்கேல்லை" என்று சொன்னதும், "மிதிச்சால் காலை முறிப்பன்" என்று இவர் சொன்னதும் ஊர் முழுக்கத் தெரியும்.

இவரிடம் கேட்காமல்தான் போனேன். கேற்றடியில் நாய் குலைத்தது. அவரே வந்தார். என்னைப் பார்க்காமல் மதிலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"தம்பி, ஒரு உதவி. அந்தக் கட்டிலை உள்ளுக்கு வைக்கவேணும். அவருக்குச் சாப்பாடு குடுக்க ஏலாமல் கிடக்கு" என்றேன்.

"அக்கா, எனக்கு உங்களோடை ஒரு கோவமும் இல்லை" என்றார். "ஆனால் நான் சொன்ன சொல்லு ஊர் அறியச் சொன்னது. அவர் கூப்பிட்டால் வாறன். அவர் கூப்பிடாமல் நான் அந்த வாசலுக்கு என்னண்டு வாறது?"

"அவருக்குப் பேச்சு வராது, தெரியும்தானே."

"பேச்சு வேண்டாம். யன்னலாலை என்ரை கிணத்தடி தெரியும்தானே. விடியப் பின்னேரம் நான் அங்கைதான் நிக்கிறது. கையைக் காட்டி ஒருக்கால் கூப்பிடட்டும். மதிலாலை பாய்ஞ்சு வருவன்."

எனக்கு அவரை அறைய வேண்டும்போலவும் இருந்தது, காலில் விழ வேண்டும்போலவும் இருந்தது. வீட்டுக்கு ஓடினேன். இவரின் தலையைத் திருப்பி, யன்னல் பக்கம் சரித்து, எல்லாவற்றையும் சொன்னேன். ஒரு கை அசைவு. அவ்வளவுதான். வா என்று விரலை மடக்கினால் போதும், கட்டில் உள்ளுக்கு வந்துவிடும், நீங்கள் நிமிர்ந்து இருந்து சாப்பிடலாம் என்றேன். மதிலுக்கு அப்பால் அவர் வாளியைக் கையில் வைத்துக்கொண்டு, தண்ணீர் அள்ளாமல், இந்தப் பக்கம் பார்த்தபடி நின்றார்.

இவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

நான் கெஞ்சினேன், ஏசினேன். "உங்கடை ரோசத்தைக் கரைச்சே நான் கஞ்சியிலை ஊத்துறது?" என்று கத்தினேன். இடது கையைப் பிடித்து நானே ஆட்டிக் காட்டலாமா என்றுகூட ஒரு கணம் நினைத்தேன். அவர் கையை இறுக்கி நெஞ்சுக்கு மேலே வைத்துக்கொண்டார். யாரும் பிடித்து ஆட்டக்கூடாத ஒரே ஒரு பொருள் அவரிடம் மிச்சமிருந்தது. விட்டுவிட்டேன். அங்கே பக்கத்து வீட்டுக்காரர் வாளியை இறக்கித் தண்ணீர் அள்ளத் தொடங்கினார்.

அதற்குப் பிறகு இரண்டு ஆம்பிளைகளுக்கு நடுவில் நான் கஞ்சிக் கோப்பையோடு நின்றேன். ஒருவர் யன்னலைப் பார்ப்பார், மற்றவர் சுவரைப் பார்ப்பார். மழை விடவில்லை. போர்ட்டிக்கோவில் கட்டிலின் கால்களில் துரு பூத்தது. மெத்தை நனையாமல் இருக்க உரப்பையால் மூடிக் கட்டினேன். பக்கத்துத் தெருப் பூனை ஒன்று அதற்கடியில் குட்டி போட்டது. அது ஒன்றுக்காவது அந்தக் கட்டில் உதவியது.

நெஞ்சுக்குள் கரகரப்பு தொடங்கிவிட்டது. காய்ச்சல் வந்தது, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் மருந்து ஏற்றித் திரும்பக் கொண்டுவந்தேன், திரும்பவும் வந்தது. மூச்சு விடும்போது சிரட்டைக்குள் கல்லைப் போட்டு ஆட்டுவதுபோல ஒரு சத்தம். சாப்பாடு கொடுக்கவே எனக்குப் பயமாக இருந்தது. கொடுத்தால் புரைக்கேறும், கொடுக்காவிட்டால் பட்டினி.

ஒரு பின்னேரம் மழை விட்டு வெயில் எறித்தது. கஞ்சி கொடுக்கப் போனேன். முதல் கரண்டியைக் கண்டதும் வாயை மூடிக்கொண்டார். என்னைப் பார்த்தார். பிறகு யன்னலைப் பார்த்தார். நெஞ்சில் கிடந்த இடது கை மெல்ல மெல்ல மேலே வந்தது. உயர்ந்து, யன்னல் பக்கம் நீண்டு, விரல்கள் மடங்கி, விரிந்து, மடங்கின.

கோப்பையைப் போட்டுவிட்டு ஓடினேன். மதிலடியில் இருந்த கல்லில் ஏறிக் கத்தினேன். "தம்பி! கூப்பிடுறார்! தம்பி, வாங்கோ, அவர் கூப்பிடுறார்!"

கிணற்றடியில் ஒருவரும் இல்லை. வாளி கவிழ்த்து வைத்திருந்தது. கதவு பூட்டு. லாண்ட்மாஸ்டர் மட்டும் நின்றது. எதிர்வீட்டு வாத்தியார்தான் கேற்றடியில் வந்து நின்று, அவர்கள் குடும்பத்தோடு சண்டிலிப்பாயில் வயதுக்கு வந்த பிள்ளை ஒன்றின் சாமத்தியவீட்டுக்குப் போய்விட்டார்கள், நாளைக்குத்தான் வருவார்கள் என்று சொன்னார். அந்த வீட்டார் வந்து முறையாகச் சொல்லியிருப்பார்கள், இவர்கள் போயிருக்கிறார்கள். உள்ளே வந்தேன். கை பழையபடி நெஞ்சில் கிடந்தது. கண்ணை மூடியிருந்தார்.

அவர் உண்மையாகவே கூப்பிட்டாரா, தண்ணீர் கேட்டாரா, கடித்த நுளம்பை விரட்டினாரா, எனக்குத் தெரியாது. இன்றைக்கும் தெரியாது. நான் கண்டதை எழுதுகிறேன். விரல்கள் மடங்கின, விரிந்தன, மடங்கின.

மறுநாள் விடியும்போது மூச்சு நின்றுவிட்டது.

நான் யாருக்கும் சொல்லவில்லை. சொல்லத் தெம்பில்லை, சொல்ல மனமும் இல்லை. என்னுடைய அழுகைச் சத்தம் போதுமாக இருந்தது. வெயில் முற்றத்துக்கு வருவதற்குள் ஒழுங்கை முழுவதும் எங்கள் வளவுக்குள் நின்றது. அத்தனை சனம் அங்கே எங்கேயிருந்து வந்தது? பூட்டிக் கிடந்த வீடுகளின் சொந்தக்காரர்கள்கூட ஆள்வைத்து வெள்ளைப் பூ அனுப்பினார்கள். வொலிபோல் பெடியள் முற்றத்தைக் கூட்டி, தறப்பாள் கட்டி, சனசமூக நிலையத்துக் கதிரைகளைத் தலையில் வைத்துக் கொண்டுவந்து அடுக்கினார்கள். இவருடைய படத்தைப் போட்டு, 'கண்ணீர் அஞ்சலி' என்று எழுதி, ஒழுங்கை முகப்பில் பெரிய பதாகையும் கட்டிவிட்டார்கள். மூலைவீட்டு மாமியார் அடுப்பு மூட்டாத வீடென்று அண்டா நிறையத் தேத்தண்ணி கொண்டுவந்தார். முழங்கால் ஏலாத வாத்தியார் படியேறி வந்து, ஹோலில் கிடத்தியிருந்த இவருடைய கால்மாட்டில் நின்றார்.

நான் மரம்போல இருந்து பார்த்தேன். ஒருவரும் கெட்டவர்கள் இல்லை. அதுதான் என்னால் தாங்க முடியாமல் இருந்தது. கெட்டவர்களாக இருந்திருந்தால் ஏசியாவது ஆறியிருப்பேன்.

பக்கத்து வீட்டுக்காரர் தன்னுடைய இரண்டு மகன்களோடு கேற்றால் வந்தார். சாமத்தியவீட்டுக்குக் கட்டிய வேட்டியை மாற்றாமல் வந்திருந்தார். செத்தவீட்டுக்கு வந்தால் கோபம் முடிந்தது என்பது ஊர் வழக்கம். ஊர் அறியச் சொன்ன சொல்லை ஊர் அறிய விட்டுவிடலாம், யாரும் குறை சொல்ல மாட்டார்கள். வந்தவர் போர்ட்டிக்கோவில் நின்றார். பெட்டி வர வேண்டும், சனம் இருக்க வேண்டும், நடுவில் அந்தக் கட்டில்.

"உதென்ன, வழிக்குக் குறுக்காலை நிக்குது. பிடியுங்கோடா தம்பியவை" என்றார்.

மகன்கள் பிடித்தார்கள். பெடியள் ஓடிவந்தார்கள். மூலைவீட்டு மருமகனும் உரப்பையை அவிழ்த்துவிட்டு ஒரு காலைப் பிடித்தார். அந்த இரும்பு ஒரு பாய்போல எழும்பியது. மூன்று படியையும் ஒரே மூச்சில் ஏறினார்கள். விறாந்தையில் நின்று, "அக்கா, எங்கை வைக்கிறது?" என்று அவர் கேட்டார்.

"அறைக்குள்ளை" என்றேன். "யன்னலடியிலை."

கதவுக்குள்ளால் எங்கும் முட்டாமல் போனது. நான் கூட்டி வைத்திருந்த இடத்தில் சரியாக வந்து நின்றது. பெடியள் மற்ற வேலைக்கு ஓடிவிட்டார்கள். அவர் மட்டும் நின்று, வேலை செய்கிறதோ என்று பார்க்கவோ என்னவோ, பிளக்கைக் கொளுவிச் சுவிச்சை அமர்த்தினார். தலைமாடு சத்தமில்லாமல் மெல்ல எழும்பி வந்தது. ஒரு மனிதன் நிமிர்ந்து இருந்து சாப்பிடுகிற உயரத்துக்கு வந்து நின்றது.

அவர் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "அண்ணை ஒருக்கால் கையைக் காட்டியிருந்தால் காணுமே அக்கா" என்றார்.

"காட்டினவர் தம்பி" என்றேன். "நேற்றுப் பின்னேரம். நான் மதிலடிக் கல்லிலை ஏறி நிண்டு கூப்பிட்டனான். நீங்கள் வீட்டிலை இல்லை."

அவர் கட்டிலின் விளிம்பில் குந்தினார். வேட்டித் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கினார். யன்னலுக்கு வெளியே அவருடைய கிணற்றடி நன்றாகத் தெரிந்தது. எனக்கு அவர்மேல் இரக்கம் வரவில்லை. ஆறுதல் சொல்லவும் இல்லை.

அந்த நேரம் கேற்றடியில் மலர்ச்சாலை வான் வந்து நிற்கிற சத்தம் கேட்டது. "பெட்டி வந்திட்டுது, தூக்க நாலு பேர் வாங்கோ" என்று யாரோ கூப்பிட்டார்கள். ஒரே கூப்பிடலில் முற்றத்திலிருந்த ஆம்பிளைகள் எல்லோரும் கதிரையை விட்டு எழும்பினார்கள்.